கடலைத் தோலும் கோயில் சாம்பலும்

இப்போது இதற்கெல்லாம் அழகான பெயர்கள் வந்துவிட்டன. சுற்றுச்சூழலைக் காக்கும் மண் கலவை, நிலத்தைச் சுரண்டாத நாற்று வளர்ப்பு என்று வழவழப்பான தாளில் படம் போட்டு விளக்குகிறார்கள். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒரு பிடி மண்ணை அள்ளுகிறாள். நகத்தில் அழுக்கே இல்லை. எழுபதுகளின் கடைசியில், ஈப்போ நகரத்தின் புந்தோங் பகுதியில், நானும் அந்த வேலையைத்தான் செய்தேன். அப்போது அதற்குக் குப்பை பொறுக்குவது என்று பெயர். பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர்.

நாங்கள் இருவருமே ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். அவர் பால்மரம் வெட்டினார், பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. நான் கன்று மேடையில் இருந்தேன். விதை போடுவது, பையில் மண் நிரப்புவது, கன்று கொஞ்சம் தடித்ததும் நல்ல மரத்தின் மொட்டைச் சீவி எடுத்து ஒட்டுக் கட்டுவது, இவ்வளவுதான் வேலை. நான் கட்டிய ஒட்டு தவறியது அபூர்வம். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேறு யாரும் சொன்னதில்லை.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரை போனார், கணக்கெழுதுகிற கிராணி போனார், கடைசியில் நாங்களும் சட்டி பானையோடு போனோம். புந்தோங்கில் ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. அவர் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். நான் வீட்டில் உட்கார்ந்து கண்டக்டர் மனைவி ஆனேன். அந்த உத்தியோகத்தை மூன்று மாதத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய மச்சான் ஒருவர் கமுந்திங்கிலிருந்து வந்தார். அங்கே ஏதோ தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. பளபளவென்று சப்பாத்து போட்டுக்கொண்டு, அதைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"ஆள் எடுக்குறாங்க மச்சான். புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்குமே கெர்ஜா இருக்கு. தங்க வீடு குடுப்பாங்க. வாசல் பூரா சிமெண்டு லா. மழ பேஞ்சாலும் ஒரு பொட்டுச் சேறு கிடையாது."

என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்கிப்போன மனிதர். மண்ணே இல்லாத வாசலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கோலம் போடலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மற்ற நேரத்தில் வரிசையில் நின்று மணியடித்ததும் உள்ளே போய், மணியடித்ததும் வெளியே வரலாம்.

அந்த வாரம் வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனியாக ஒரு புத்தகம் போடலாம். முடிவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தைப்பிங் போகிற வழியில் எங்கள் பழைய தோட்டத்தின் ஒரு துண்டை வாங்கியிருந்த செட்டியார் ஒருவர், அதில் ரம்புத்தான் பழமரம் வைக்கப்போகிறார் என்றும், ஒட்டுக் கட்டின கன்று முந்நூறு தேடுகிறார் என்றும் பஸ்ஸில் காதில் விழுந்திருந்தது. நான் நேரே போய் அவரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேர் நல்லா இருந்தா எடுத்துக்கிறேன். இலையக் காட்டி ஏமாத்த முடியாதும்மா" என்றார். அவ்வளவு போதும். முந்நூறு கன்றையும் செட்டியார் எடுத்துக்கொண்டால் நாங்கள் ஈப்போவிலேயே இருப்போம். எடுத்துக்கொள்ளாவிட்டால் அதற்கடுத்த தீபாவளி கமுந்திங்கில், சிமெண்டு வாசலில்.

"முந்நூறா? நீயா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தான். நீங்க டிக்கட்டக் கிழிங்க."

முதலில் இடம் வேண்டும். எங்கள் தெருவின் கோடியில் இருந்த அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு பட்டை நிலம், உடைந்த நாற்காலியும் பழைய பந்தல் கம்பும் போட்டுவைக்கிற இடம், சும்மா கிடந்தது. கோயில் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லைபோல, எல்லாரையும் மனு கொடுக்க வந்தவர்களாகவே பார்ப்பார். மூன்று முறை அலையவிட்டு, நான்காவது முறை இடம் கொடுத்தார். பூசைக்குச் செம்பருத்தி வைத்துத் தரவேண்டும், இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும், "கமிட்டி கேட்டா மறுநாளே காலி பண்ணணும்." சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வேறு எந்த நிலம் இருந்தது?

அடுத்தது மண். தோட்டத்தில் இது ஒரு பிரச்சனையே இல்லை. காட்டோரத்தில் மேல்மண்ணை வெட்டி அள்ளிப் பையில் போடுவோம். அது தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வெட்டுவோம். காடு எங்கள் அப்பன் வீட்டுச் சொத்து. ஈப்போவில் அந்தக் கதை நடக்காது. ஈயம் எடுக்கிறேன் என்று ஊரையே புரட்டிப் போட்டு, நல்ல மண்ணையெல்லாம் தண்ணீரில் கழுவி அனுப்பிவிட்டு, வெள்ளை மணலை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். அதில் ஊற்றுகிற தண்ணீர், ஊற்றி முடிப்பதற்குள் கீழே போய்விடும்.

லாரியில் மண் விற்கும் தவுக்கே, சீன முதலாளி ஒருவர் இருந்தார். "தானா ஹித்தாம், நம்பர் வன் லா!" என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கறுப்பு மண், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையை விட்டு அளைந்தேன். விரலில் ஒரு பீங்கான் சில்லு தட்டுப்பட்டது. ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கின் உடைசல். அதோடு விரல் நீள வேர்த்துண்டுகள், மேலே வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்தவை. புரிந்துவிட்டது. ஏதோ ஒரு தோட்டத்தைத் தோலுரித்து லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வெள்ளை நூல் என்னவென்று கன்று மேடைக்காரிக்குத் தெரியாதா? வெள்ளை வேர் நோய். ரப்பர் மரத்தைத் தின்று முடித்துவிட்டு ரம்புத்தானுக்கும் தாவும். ஒரு நிலத்தை மொட்டையடித்து, அதன் நோயையும் சேர்த்து வாங்கி, இன்னொரு நிலத்தில் நடுவதற்குப் பெயர் விவசாயமாம். தவுக்கேயிடம் வேண்டாம் என்றேன். "இந்தியக்காரி மண்ணைக்கூட மோந்து பார்த்து வாங்குகிறாள்" என்று மலாய்க்காரப் பையனிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்றைக்கே தீர்மானித்தேன். எங்கேயும் புதிதாகத் தோண்டுவதில்லை. இந்த ஊர் எதைத் தூக்கிப் போடுகிறதோ அதில் என் கன்று வளரட்டும்.

புந்தோங்கைப்போலத் தூக்கிப் போடுகிற ஊரைப் பார்க்க முடியாது. தெருவுக்குத் தெரு கச்சாங் பூத்தே வறுக்கிறவர்கள். கடலை ஊருக்கெல்லாம் போகும், தோல் சாக்கடைக்குப் போகும். நான் கூடையோடு போய் நின்றேன். "தோலா? எதுக்குக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "திங்க" என்று சொன்னேன். கடலைத் தோலில் ஒரு தொல்லை உண்டு. உப்புப் போட்டு அவித்த கடலையின் தோல் கன்றைக் கொன்றுவிடும். ஆகவே ஒவ்வொரு கூடையிலும் நாலைந்து தோலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். தெருவில் நின்று கடலைத் தோலை நக்குகிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. உப்பில்லாத தோலைக் குவித்து, சாணித் தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, மாதக்கணக்கில் மக்கவைத்தேன்.

சாணிக்குப் பஞ்சமில்லை. பால்காரர்களின் மாட்டுக் கொட்டகை நாலு இருந்தது. ஆனால் புதுச் சாணி சூடு, வேரை வேகவைத்துவிடும். பழைய குவியலின் அடியிலிருந்து, நாற்றம் போய் உதிரியாகிவிட்ட சாணியாகக் கேட்டு வாங்கினேன். "ஓசியில வாங்குறதுல இவ்வளவு தரம் பார்ப்பியா?" என்றார் பால்காரர். பார்ப்பேன்.

ஈரம் பிடித்து வைக்கத் தேங்காய் மட்டைத் தூள். பாகான் டத்தோவில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் சாக்குச் சாக்காக அனுப்பினார். என் வீட்டுக்காரர் தலையெழுத்தே என்று அவற்றை பஸ்ஸின் பின் ஸீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். டிக்கட் வாங்காத ஒரே பயணி என் மட்டைத் தூள்தான். கடலோரத்து மட்டை, உவர்த் தண்ணீரில் ஊறியது. எண்ணெய் வந்த தகரத் தோம்பில் போட்டு ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புப் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் கையால் தொட்டேன். அந்த வருஷம் என் நாக்கு பார்த்த வேலையை எந்த நாக்கும் பார்த்திருக்காது.

மக்கிய கடலைத் தோல் இரண்டு பங்கு, மட்டைத் தூள் ஒரு பங்கு, பழைய சாணி ஒரு பங்கு, தண்ணீர் வடிய ஊர் முழுக்கக் கிடந்த அந்த உதவாக்கரை மணல் ஒரு பங்கு. பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். டிசம்பர் ரம்புத்தான் காய்ப்பில், பாசாரில் பழம் தின்று துப்பிய கொட்டைகளைப் பொறுக்கி அன்றன்றே கழுவிப் போட்டேன். முந்நூற்றைம்பது பை. சித்திரை வைகாசியில் கன்றுகள் அரக்கு நிறக் கொழுந்து விட்டுக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் ஒருநாள் வேலை முடிந்து வந்து, கண்டக்டர் பையைக்கூடக் கழற்றாமல், வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். மச்சானுக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை அன்றோடு நிறுத்திவிட்டார். எனக்கு அன்று அவர்மேல் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஆடியில் தீமிதி வந்தது.

எங்கள் கோயில் தீமிதிக்கு லாரி லாரியாகக் கட்டை வரும். பூக்குழி ஆறிய பிறகு சாம்பலை ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள். காய்ச்சலுக்கு, கண் திருஷ்டிக்கு, பரீட்சைக்கு. மீதியை ஆற்றில் கரைப்பது வழக்கம். அந்த வருஷம் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தால் யாருக்காவது முதுகு முறியும்.

"பத்துப் பன்னண்டு மூட்ட சாம்பல் இருக்கும்மா" என்றார். "ஆத்துல கொட்டி வீணாக்குவானேன்? ஒன் கன்னுக்குப் போட்டுரு. அம்மா ஆசீர்வாதம். கமிட்டியில பேசி முடிவு பண்ணிட்டோம்."

என் கன்றுகளுக்கு என்ன எரு போடுவது என்று ஏழு ஆண்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவராவது வெண்டைச் செடி வைத்துப் பிழைக்கவைத்ததாக வரலாறு இல்லை.

எனக்குத் தெரியும். தோட்டத்தில் ஒருமுறை கழித்துப் போட்ட கிளைகளை மேடை மேலேயே வைத்து எரித்தோம். அந்த மேடையில் போட்ட கன்றெல்லாம் மஞ்சள் பூத்துச் செத்தது. மரச்சாம்பல் காரம். ஒரு சிட்டிகை நல்லது, மண்வெட்டிக் கணக்கில் போட்டால் வேருக்கு ஒன்றும் ஏறாது. அதுவும் ஈப்போவின் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புக்கல் மலையின் காரம் ஏற்கெனவே இருக்கிறது.

"அண்ணே, சாம்பல் அதிகமாப் போட்டா கன்னுக்கு ஆகாதுண்ணே" என்றேன்.

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் மனு நிராகரிக்கப்பட்டது. "அம்மா நடந்த நெருப்பும்மா அது. ஆகாதுன்னா சொல்ற?" பின்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் மெதுவாக அடுத்ததைச் சொன்னார். "ஒனக்குச் சூசா, கஷ்டம்னா சொல்லிரு. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துர்றோம்."

நான் போட்டேன். தெரிந்தே போட்டேன். அந்த வாரம் பெரிய பைக்கு மாற்றவேண்டிய வாரம். நாலில் ஒரு பங்கு சாம்பலைக் கலந்து, செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க, முந்நூற்றைம்பது பையையும் என் கையாலேயே நிரப்பினேன். கோழையைத் தேடி எங்கும் போகவேண்டாம், அன்றைக்குக் கோயில் பின்பக்கம் வந்திருந்தால் போதும்.

மூன்றாவது வாரம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. நுனி கருகியது. தெருவே வந்து பார்த்தது. பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் காரணம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது. தீட்டோடு யாரோ நடந்துவிட்டார்கள். கடலைத் தோலை நக்கினால் பின் எப்படி விளங்கும்? செயலாளர் ஒரு பூசணிக்காயைத் திருஷ்டி சுற்றி உடைத்தார், என் கன்று வரிசைக்கு நடுவிலேயே. சாம்பல் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

ஐம்பது கன்று போல் செத்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர், "மச்சானுக்கு ஒரு வரி எழுதிப் போடவா?" என்று கேட்டார். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, பாவமாகக் கேட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செயலாளர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்குவார். அந்த இரண்டு மணி நேரத்தைப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். கன்றை உருவி, வேரை மழைத் தண்ணீரில் அலசி, சாம்பல் மண்ணைக் கொட்டிவிட்டு, பழைய கலவையில் நட்டேன். கடலைத் தோல் எருவைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். சாம்பல் மண்ணைக் கண்ட இடத்தில் போட முடியாது, கால் பட்டால் பாவம். வீட்டுக்காரர் லீவு நாளில் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்தார். "அம்மாளுக்கே டிமிக்கியா?" என்றார் மிதித்துக்கொண்டே. "அம்மாளுக்கு இல்ல, செயலாளருக்கு" என்றேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்து, மண் தெரியாமல் தூவிவிட்டேன். முந்நூறு பையும் நெற்றி நிறைய விபூதி பூசிய முந்நூறு பக்தர்களாக நின்றன. செயலாளர் தூங்கி எழுந்து வந்து பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

கன்றுகள் பிழைத்தன. தையில் ஒட்டுக் கட்டினேன், பிடித்தது. அடுத்த ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் செட்டியார் லாரியோடு வந்தார். இலையைப் பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு பையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டி, வேரைப் பார்த்தார். தெம்பான புது வேர் மண் முழுக்கப் பின்னியிருந்தது. மண்ணை மோந்து பார்த்து, "என்ன போட்டீங்க?" என்றார். "குப்பை" என்றேன். சிரித்துவிட்டு முந்நூறையும் ஏற்றச் சொன்னார்.

கமுந்திங் அத்தோடு ஒழிந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

லாரி போன மறுநாள், பழைய ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள் வந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள், என்னைக் கூடப்பிறந்தவளாக நினைப்பவள். அவளும் பால் வெட்டியவள்தான், கன்று மேடைப் பக்கம் வந்ததில்லை. இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். சவுக்காரத் தண்ணீரில் இரண்டு கையும் வெந்து, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அக்கா, நானும் ஒங்கள மாதிரி கன்னு வளத்துப் பாக்கவா? இந்தக் கையோட இனி எத்தன நாளைக்குத் தட்டக் கழுவுறது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுபது பை கொடுத்தேன். அப்போது நடுவருஷக் காய்ப்பு, அதன் கொட்டைகளைப் பொறுக்கி, மணலில் முளைக்கப் போடச் சொல்லிக்கொடுத்தேன். "மொளைக்கட்டும். மண்ணுக் கலவ எப்படின்னு அடுத்த வாரம் வந்து சொல்றேன்" என்றேன்.

அந்த அடுத்த வாரத்தில்தான் திருவிழா.

தீமிதி முடிந்து, மேடையில் மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று செயலாளர் மைக்கில் என்னை அழைத்தார். போய் நின்றேன். "நம்ம கோயில் பின்னால நின்ன கன்னு முந்நூறும் ஒண்ணுகூடப் பழுதில்லாம போயிருக்கு. போன வருசம் வாடிப்போச்சு, ஊரே பாத்துச்சு. அப்புறம் தழைச்சுது. எதனால? நீயே சொல்லும்மா" என்று மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எடம் ஒனக்குத்தான்னு இப்பவே சொல்லிரலாம்னு இருக்கோம்" என்றார்.

கூட்டத்தைப் பார்த்தேன். கடலை வறுக்கிறவர்கள், பால்காரர், என் வீட்டுக்காரர். முன் வரிசையில், எழுபது பை வாங்கிப்போன அவள், புடவை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நான் என்னவோ பெரிய படிப்புப் படித்தவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சாம்பல்தான்" என்றேன்.

கை தட்டினார்கள். பொன்னாடை செயலாளருக்குப் போர்த்தப்பட்டது. யோசனை அவருடையது அல்லவா? இடம் எனக்கென்று அறிவித்தார்கள். அந்த வருஷம் பூக்குழிச் சாம்பலுக்கு அரிசிச் சாக்கோடு வரிசை நின்றது. வரிசையில் அவளும் நின்றாள். ஒரு பெரிய பிஸ்கட் தோம்பைக் கொண்டுவந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

அப்போதே போய் அவள் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கலாம். செயலாளர் பக்கத்தில் நின்றார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள். அதற்கடுத்த வாரம் மட்டைத் தூளுக்கென்று நாத்தனார் வீட்டுக்குப் போனேன். இதெல்லாம் சாக்கு. அவளுக்கு மனசில் ஒன்றும் தங்காது, சொன்னால் கடையில் சொல்வாள், கடையிலிருந்து கோயிலுக்கு வரும், இடம் போய்விடும். அதோடு, மேடையில் ஊரறியப் பொய் சொன்னேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே போகவில்லை. அவள் வீடு இருந்தது எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவளே வந்தாள். எழுபது பையையும் கழுவிக் காயவைத்து, மடித்து, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எல்லாம் மஞ்சளாப் போச்சுக்கா. ஒங்க கன்னு மாதிரியே வாடுச்சு, அப்புறம் தழைக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன். ஒண்ணுகூட நிக்கல."

நான் அந்தப் பைக் கட்டைக் கையில் வாங்கினேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சிரித்தாள். "எனக்குக் கைராசி இல்லக்கா. எங்க வீட்டுக்காரவரும் அதத்தான் சொல்லுது. அம்மா எல்லாருக்குமா குடுப்பா?"

அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு நாள் திருட்டு வேலை, ஆற்றில் கரைத்தது, மேலே தூவிய சிட்டிகை, எல்லாம். சாம்பல்தான் கொன்றது, உன் கை அல்ல என்றேன். கலவையை எடுத்துவந்து அவள் கையில் பிடிக்கவைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மண்ணை மெல்லக் கொட்டிவிட்டு, உரிந்துபோன அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மைக்குல சொன்னீங்கக்கா. அம்மா முன்னால நின்னு சொன்னீங்க, நான் காதால கேட்டேன். அங்க போயி பொய் சொல்ற ஆளா நீங்க? இப்ப என் மனசு தாங்காதுன்னு எனக்காக இப்படிச் சொல்றீங்க. ஒங்களுக்கு ரொம்ப நல்ல மனசு."

கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். அதற்குப் பிறகும் இரண்டு முறை அவள் வீட்டுக்கே போய், மண்ணையும் விதையையும் வாசலில் வைத்துக் கெஞ்சினேன். தண்ணீர் கொடுத்து உபசரித்தாள், மண்ணைத் தொடவில்லை. அவள் உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு செம்பருத்திக் குச்சியைக்கூட மண்ணில் ஊன்றவில்லை. நட்டால் செத்துப்போகும் என்று பயந்தாள்.